கரையாத குருணை

வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்கள் முடியும் இடத்தில் தமயந்தியின் இறால் குளங்கள் இருந்தன. அவருக்கு முப்பத்தாறு வயது. நான்கு வருடம் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு இறாலுக்கு வந்தவர். எந்த ஊரில் யார் புதிதாகத் தீவனம் செய்தாலும் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். எல்லோருக்கும் அவர் டீச்சர்.

தூத்துக்குடியிலிருந்து வந்த இராயப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பது வருடம் தீவன ஆலையில் இயந்திரம் ஓட்டியவர். அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை, அவர் ஒரு கண்ணாடி டம்ளரை மேசைமேல் வைத்தார்.

“டீச்சர், குறையே இல்லாத தீவனம் எப்படி இருக்கும்?”

“கையில கொண்டுவந்திருக்கீங்களே அண்ணே. நீங்களே சொல்லுங்க.”

டம்ளரின் அடியில் அரிசி அளவில் பழுப்புக் குருணைகள் கிடந்தன. மேலே தண்ணீர் தெளிவாக இருந்தது.

“நேத்து சாயங்காலம் போட்டது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஒரு பொடிகூடக் கரையலை.”

தீவனம் செய்கிறவர்கள் முதலில் செய்வது இந்தச் சோதனைதான். மட்டமான தீவனம் கால்மணியில் உடைந்து டம்ளரைக் கலக்கிவிடும். குளத்தில் போட்டால் அடியில் தங்கி அழுகும். நல்ல தீவனம் இரண்டு மணி நேரம் நிற்கும். இராயப்பனுடையது மறுநாள் காலைவரை நின்றிருந்தது.

டீச்சர் ஒரு குருணையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இதுல மீன் தூள் எவ்வளவு?”

“துளிகூட இல்லை.”

“பிறகு?”

“சோயாப் புண்ணாக்கு. தொட்டியில வளர்த்த பாசி. அப்புறம் ஒரு ஈயோட புழு. எங்க ஊர் காய்கறிச் சந்தையில கழிச்ச முட்டைக்கோஸ் இலையைத் தின்னு வளர்ந்தது.”

“முட்டைக்கோஸ் இலை புழுவாகி, புழு தீவனமாகி, தீவனம் இறாலாகி...” டீச்சர் குருணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த இறால் கப்பல் ஏறி எந்த ஊர்த் தட்டுக்குப் போகுமோ. இத்தனையும் இந்த ஒரு பருக்கைக்குள்ள.”

“எதுக்காக மீனை விட்டீங்க?” என்று கேட்டார் பிறகு.

இராயப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“ஆலைக்கு லாரி லாரியாப் பொடிமீன் வரும் டீச்சர். மத்தி, நெத்திலி, காரல். எல்லாத்தையும் அரைச்சுத் தூளாக்குவோம். ஒருநாள் அந்தக் குவியல்ல விரல் நீளத்துக்கு ஒரு வஞ்சிரக் குஞ்சு கிடந்துச்சு. கையில எடுத்தேன். விட்டிருந்தா என் கை நீளத்துக்கு வளர்ந்திருக்கும். அன்னைக்கு ஆரம்பிச்சது. மூணு வருஷம்.”

“ஆலையில என்ன சொல்றாங்க?”

“வியாழக்கிழமை வரைக்கும் நேரம். இறால் தின்னுதுன்னு நீங்க சொன்னா, புது இயந்திரத்துல என் தீவனம் ஓடும். இல்லைன்னா பழையபடி பொடிமீன்தான்.”

டீச்சர் எழுந்தார்.

“மூணாம் குளத்துல வலைத்தடுப்பு கட்டி இரண்டாயிரம் இறால் விட்டிருக்கேன். அதுங்களுக்கு உங்க தீவனம் மட்டும். வாங்க.”

குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சேது. வாய் கொஞ்சம் அதிகம். தீவனத்தை வீசிவிட்டு, அதில் ஒரு பிடியைச் சல்லடைத் தட்டில் வைத்து வலைக்குள் தண்ணீரின் அடிக்கு இறக்கினார். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கினால், இறால் தின்றதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மதியம் தூக்கினார். வைத்த குருணை வைத்தபடி இருந்தது. எண்ணி எடுத்துக்கொள்ளலாம் போல.

“அண்ணே, இதைத் தின்ன வேண்டாம். அடுக்கி வீடு கட்டலாம்,” என்றார் சேது.

“புதுச் சாப்பாடு. கூச்சம் போகணும்ல?” என்றார் இராயப்பன்.

செவ்வாய்க்கிழமை மூன்று வேளை வைத்தார்கள். மூன்று வேளையும் அப்படியே இருந்தது. மாலையில் தட்டோடு ஓர் இறாலும் ஏறிவந்தது. அதன் மீசைகள் இரண்டும் பாதியில் அறுந்திருந்தன.

“பசி,” என்றார் சேது. “ஒண்ணை ஒண்ணு கடிக்க ஆரம்பிச்சிருச்சு.” அதற்கு மேல் கிண்டல் எதுவும் சொல்லவில்லை.

அன்று இராயப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை அவர் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

“என் தீவனத்துல என்ன குறை டீச்சர்?”

டீச்சர் மேசையில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தார். ஒன்றில் பழைய மீன் தீவனத்தையும் மற்றதில் இராயப்பனின் தீவனத்தையும் போட்டார். பிறகு சேதுவைக் கூப்பிட்டார்.

“மூணாம் குளத்துல ஏரேட்டரை நிறுத்துங்க. பத்து நிமிஷம். அதுக்கு மேல வேண்டாம், இறாலுக்கு மூச்சு முட்டும்.”

தண்ணீரை அடித்துக் காற்றேற்றிக்கொண்டிருந்த சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதுவரை இருந்தது சத்தம் என்றே அப்போதுதான் தெரிந்தது.

குளக்கரையில் டீச்சர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே தண்ணீரில் இறக்கும் மைக் ஒன்று நீண்ட ஒயரோடு இருந்தது. இறால் மெல்லும் சத்தத்தைக் கேட்டு, பசிக்குத் தக்கபடி தீவனம் போடும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. அப்படி ஒன்றின் காது அது. டீச்சர் மைக்கை வலைக்கு வெளியே, குளத்தின் மற்ற இறால்கள் இருக்கும் பக்கம் இறக்கினார். ஹெட்போனை இராயப்பனின் காதில் மாட்டினார். பழைய தீவனத்தில் ஒரு கை அள்ளி வீசினார்.

முதலில் ஒன்றும் இல்லை. தண்ணீர் கரையில் மோதும் சத்தம் மட்டும்.

பிறகு ஒரு சின்ன வெடிப்பு. காய்ந்த எண்ணெயில் முதல் கடுகு வெடிப்பதுபோல. இன்னொன்று. ஐந்து. ஐம்பது. அப்புறம் எண்ண முடியவில்லை. ஓலைக்கூரையில் மழை பிடித்ததுபோல அது நாலாபக்கமும் பெய்தது.

இராயப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

“இது என்ன டீச்சர்?”

“சாப்பிடுதுங்க.”

“முப்பது வருஷம் இதுங்களுக்குத் தீவனம் செஞ்சேன்,” என்றார் அவர் மெதுவாக. “சாப்பிடுற சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை.”

டீச்சர் மைக்கைத் தூக்கி வலைக்குள் இறக்கினார். இராயப்பனின் தீவனத்தை வீசினார்.

இராயப்பன் காத்திருந்தார். கரையில் தண்ணீர் மோதியது. வேறு எதுவும் கேட்கவில்லை.

“பத்து நிமிஷம் ஆச்சு டீச்சர்,” என்றார் சேது.

சக்கரங்கள் மறுபடி சுழன்றன.

மேசைக்குத் திரும்பினார்கள். டீச்சர் இராயப்பனைக் கண்ணை மூடச் சொன்னார். முதல் டம்ளரை அவர் மூக்கருகே நீட்டினார்.

“என்ன?”

“கருவாட்டுக்கடை.”

இரண்டாவது டம்ளரை நீட்டினார்.

“இது?”

“தண்ணி.”

“வேற?”

இராயப்பன் இன்னொரு முறை முகர்ந்தார்.

“தண்ணிதான் டீச்சர்.”

“மூணாம் குளத்துல முழங்கைவரை கைவிட்டா உங்க விரல் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. கலங்கல்.”

“அதுக்குள்ளதான் அதுங்க குடியிருக்கு. மீசைதான் மூக்கு. வாசனை வந்தாத்தான் சாப்பாடு இருக்குன்னே தெரியும்.”

“சத்து எல்லாம் இருக்கே டீச்சர். புழுவோட கொழுப்பு, பாசியோட எண்ணெய். ஒண்ணு சிந்தாம உள்ள வச்சிருக்கேன்.”

“ஆமா,” என்றார் டீச்சர். “உள்ளதான் இருக்கு.”

இராயப்பன் இரண்டாவது டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு எழுந்து கொட்டகைக்குப் போனார். அங்கே சோதனைக்கென்று ஒரு சின்னக் குருணை இயந்திரம் இருந்தது.

புழுத்தூள், பாசி, சோயா எல்லாம் அதே அளவு. பசைக்கு வந்தபோதுதான் அவர் கை நின்றது. குருணையை இறுக்கிப் பிடிப்பது அந்தப் பசை. முப்பது வருடமாக அதைக் கூட்டித்தான் பழக்கம். தராசில் வைத்ததில் பாதியை எடுத்தார். பார்த்தார். கொஞ்சம் திருப்பிப் போட்டார். அதையும் எடுத்துவிட்டார். ஆவியில் வேகும் நேரத்தையும் குறைத்தார்.

காய்ந்து முடிந்தபோது மதியம் மூன்று மணி. டம்ளரில் நாலு குருணை போட்டார். சற்று நேரத்தில் அவற்றின் ஓரம் மங்கியது. ஒவ்வொன்றிலிருந்தும் புகைபோல மெல்லிய பழுப்புக் கோடு கிளம்பியது.

டீச்சரோடு வந்து எட்டிப் பார்த்த சேது, “அண்ணே, உங்க தீவனம் அழுவுது,” என்றார்.

இராயப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. “இந்த மாதிரி ஒரு டம்ளரை நான் ஆலையில பார்த்திருந்தா, அந்த மூட்டையையே திருப்பி அனுப்பியிருப்பேன் டீச்சர்.”

டீச்சர் குருணைக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நான்கு மணிக்குச் சக்கரங்கள் நின்றன. மைக் வலைக்குள் இறங்கியது. ஒரு பிடியைச் சேது தட்டில் வைத்து இறக்க, மீதியை இம்முறை இராயப்பனே வீசினார். பிறகு கரைச்சேற்றில் முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டார்.

ஒன்றும் இல்லை.

தண்ணீர் மோதியது. சேது கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு கடுகு வெடித்தது.

இராயப்பன் மூச்சை நிறுத்தினார். எங்கோ தள்ளி இன்னொன்று. இந்தப் பக்கம் ஒன்று. அப்புறம் எல்லாத் திசையிலிருந்தும் வந்தன, தூரத்து மழை நெருங்கி வருவதுபோல. முட்டைக்கோஸ் இலையும் புழுவும் பாசியும் கண் தெரியாத கலங்கலுக்குள் இரண்டாயிரம் வாய்களில் நொறுங்கிக்கொண்டிருந்தன. வலைக்குள் மழை கொட்டியது.

அவர் ஒரு பக்கத்தைக் கழற்றிச் சேதுவின் காதில் வைத்தார். சேதுவும் சேற்றில் முழங்கால் போட்டார். கடிகாரத்தைப் பார்க்கவும் மறந்துபோனார்.

டீச்சர்தான் பத்து நிமிடம் ஆனதைச் சொன்னார்.

ஆறு மணிக்குத் தட்டைத் தூக்கியபோது அது வெறும் சல்லடையாக இருந்தது.

“ஆலைக்குச் சொல்லிட்டேன்,” என்றார் டீச்சர். “தின்னுதுன்னு.”

இராயப்பன் தலையாட்டினார். தட்டில் விரலால் தடவிப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து தயங்கினார்.

“என்ன அண்ணே?”

“ஒண்ணு மட்டும் மனசு ஆறலை டீச்சர். பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அதுல ஒரு பங்கு யார் வாயிலயும் போகாம தண்ணியோட கரைஞ்சுபோகுது. அது வீண்தானே?”

டீச்சர் மைக்கின் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கரைஞ்ச அந்த வாசனையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அண்ணே, அத்தனை இறாலும் வந்துச்சு.”