சுவரில் ஒரு கரி வட்டம்

“வண்டி ஏறமாட்டேங்குது தாயி,” என்றார் சீடர்.

குரு ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“எங்க ஏறமாட்டேங்குது?” என்று கேட்டன பாதங்கள்.

“ரயில்வே மேம்பாலத்துல. சைக்கிள்காரன் என்னையத் தாண்டிட்டுப் போறான். போறவன் சும்மா போகல, மணி வேற அடிக்கிறான்.”

“டீசல்?”

“குடிக்குது. முன்ன போன தூரத்துல பாதிகூடப் போகல.”

குரு வெளியே வந்தார். பெயர் அமலி. திண்டுக்கல் புறவழிச்சாலையில் டீசல் வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். சீடர் வெள்ளைச்சாமி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். ஞான மார்க்கத்தில் இதெல்லாம் சகஜம்.

“வேற யாருகிட்டயும் காட்டுனீங்களா அண்ணே?”

காட்டியிருந்தார். அவரவர் குரலிலேயே சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு மெக்கானிக், மூக்கால்: “டர்போ போச்சு சார், டர்போ.”

ஷோரூம் பையன், குனிந்து நிமிர்ந்து: “சார், உங்க டிரைவிங் ஸ்டைலக் கொஞ்சம் மாத்திப் பாருங்க சார்.”

எதிர்வீட்டுக்காரர், வெற்றிலையோடு: “அதுக்கு வயசாயிருச்சுய்யா. ஒன்னைய மாதிரி.”

புனேயில் இருக்கும் மகன், போனில்: “அப்பா, ஞாயித்துக்கிழமை வாங்குற ஆளோட வர்றேன். வித்துருவோம். சரியா? சரி, வச்சிர்றேன்.”

அமலி சிரித்துக்கொண்டே கேட்டார். கடைசிக் குரலுக்கு மட்டும் சிரிக்கவில்லை.

“வித்துட்டாத்தான் என்ன அண்ணே? உங்களுக்குப் பஸ் பாஸ் இருக்குமே.”

“இருக்கு.”

“பின்ன?”

“அதையும் வித்துட்டா வீட்டுல நான் மட்டும்தான் தாயி.”

குரு சீடருடைய காரின் பானட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. டீசல் ஃபில்டர் புதிது. டர்போ குழாயில் கிழிசல் இல்லை. சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டார். எங்கும் பிரேக் ஒட்டி உரசவில்லை.

டயரைத் தடவினார். புதுசில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள் இன்னும் உதிரவில்லை.

புகைக்குழாய்க்குள் விரலை விட்டார். விரல் கன்னங்கரேலென்று வந்தது.

“தினம் எங்க போவீங்க அண்ணே?”

“பால் வாங்க. அப்புறம் வீடு.”

“பால் வாங்குனதுக்கா இம்புட்டுக் கரி?”

சீடர் வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

“வண்டிய எடுங்க. உங்க வீட்டுக்குப் போவோம்.”

மேம்பாலத்தில் அன்றைக்குச் சைக்கிள் வரவில்லை. வாழைத்தார் ஏற்றிய ஆட்டோ வந்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது.

வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து, சுவரை ஒட்டி நிறுத்தினார் சீடர். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. டகடகடகடக.

அமலி உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தார். வெள்ளையடித்த சுவரில், புகைக்குழாய்க்கு நேர் எதிரே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கரி வட்டம்.

“அண்ணே. சாவி.”

“இருக்கட்டும்.”

“எம்புட்டு நேரம் இருக்கும்?”

“விளக்கு வைக்கிற நேரத்துல பால் வாங்கிட்டு வந்து நிப்பாட்டுவேன். படுக்கப் போறப்ப ஆஃப் பண்ணுவேன்.”

“ஏன்?”

“எங்க டிப்போ வண்டி ஒண்ணும் செல்ஃப் எடுக்காது தாயி. டீக்குடிக்க நிப்பாட்டுனாலும் இஞ்சின் ஓடிட்டேதான் கெடக்கும். ஆஃப் பண்ணுனா பாசஞ்சர் எறங்கித் தள்ளணும். ஒருக்கா வத்தலக்குண்டுல மாப்பிள்ளையே மாலையோட எறங்கித் தள்ளுனாரு. அந்தப் பழக்கம்.”

“இந்த வண்டிதான் செல்ஃப் எடுக்குமே.”

“எடுக்கும்.”

“தள்ள ஆளும் வேணாமே.”

“இருந்தாத்தான.”

டகடகடகடக.

“அண்ணே, நின்ன எடத்துலயே ஓடுனா இஞ்சின் நல்லாச் சூடேறாது. டீசல் சரியா எரியாது. எரியாதது பூராம் கரியா உள்ள போயி அடைக்கும். அப்புறம் அது எங்கிட்டு மூச்சு விட? நாளைக்கு வத்தலக்குண்டு வரைக்கும் நல்லா மிதிச்சு ஓட்டிட்டு வருவோம். பாதி எரிஞ்சிரும். மீதிய நான் கழட்டிக் கழுவிர்றேன். ஞாயித்துக்கிழமை உங்க மகனையே பாலத்துல ஏத்தச் சொல்லுங்க, விக்கணும்னு வாயத் தொறக்க மாட்டாரு. ஆனா மறுபடி இப்பிடி ஓடவிட்டீங்கன்னா…”

“அடைச்சுக்கிரும்.”

“ஆமா. வண்டி வேணும்னா இந்தச் சத்தத்த விடணும்.”

“சத்தத்துக்குத்தான தாயி வண்டியே.”

சொல்லிவிட்டு, அதைச் சொன்னது யார் என்பதுபோலப் பார்த்தார்.

“ஆஃப் பண்ணுனா வீடு கேக்க ஆரம்பிச்சிருது. கொழாய் சொட்டுறது கேக்குது. ஃபிரிட்ஜு நிக்கிறது கேக்குது. அவ இருந்தப்ப இதெல்லாம் கேட்டதே இல்ல. பேசிட்டே இருப்பா. ‘ஏங்க, காதுல விழுகுதா, ஏங்க…’”

நிறுத்தினார்.

“ஏங்க,” என்றார் மறுபடி, கொஞ்சம் மெலிதாக.

மெக்கானிக் குரல் வந்தது. ஷோரூம் பையன் குரல் வந்தது. மனைவியின் குரல் மட்டும் வரவில்லை.

குரு கையை நீட்டிச் சாவியைத் திருகினார்.

தெரு முழுக்க எதுவோ பிடுங்கப்பட்டதுபோல இருந்தது.

குரு இறங்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீடர் வாசலைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்குள் குழாய் சொட்டியது.

அப்புறம், பானட்டுக்கு அடியிலிருந்து: டிக்.

கொஞ்சம் விட்டு: டிக், டிக்.

சீடர் தலையைச் சாய்த்தார்.

“என்ன தாயி அது?”

“இஞ்சின் ஆறுது.”

“இத்தன வருசம் ஓட்டியிருக்கேன். இதக் கேட்டதில்லையே.”

டிக்.

“அண்ணே, அப்ப நாளைக்குக் காலையில வத்தலக்குண்டுக்கு…”

“உஸ்,” என்றார் சீடர்.