முன்னத்திக்கு ஆசைப்பட்ட தாமிரன்

நெல்லிக்காட்டிலிருந்து பெரிய ஏரிவரை ஒரு நீண்ட குதிரைத் தடம் உண்டு. அதில் ஐந்து குதிரைகள் வெளியூர்ப் பயணிகளைச் சுமந்து போய்வந்தன. கடிவாளம் பிடித்தவர்களுக்கு வழி தெரியாது. குதிரைகள் போனதுதான் வழி.

முன்னத்தியாக, வரிசைக்கு முதலில் போவது பரணி என்ற வயதான பெண்குதிரை. அடுத்து தாமிரன். ஓடையில் அவளுக்குத் தெளிந்த நீர்; அவனுக்கு அவள் கலக்கிவிட்ட சேறு. வழி முழுக்க அவள் வால் தரிசனம் வேறு!

"என் மினுமினுப்பு என்ன, நடை என்ன! கண் மங்கிய இவளுக்கா முன்னிடம்?" என்று அவன் வயிறெரிந்தான்.

ஒருமுறை ஏரிக்குப் போகையில், பாதை பிரியும் இடந்தோறும் பரணி வந்த தடத்திலேயே லத்தி போட்டுவிட்டு நடப்பதைக் கவனித்தான். திரும்பும்போது அதை மோந்துதான் அவள் வழி கண்டுபிடித்தாள்.

"ஓகோ, இவ்வளவுதானா இவள் வித்தை!" அடுத்தமுறை ஏரிக்குப் போகையில், அவள் போட்ட ஒவ்வொன்றையும் காலால் எத்திப் பாதையோரப் புதருக்குள் தள்ளினான். அவள் வழி தெரியாமல் முழிக்கட்டும், முன்னிடம் தனக்கு வரட்டும் என்று அவன் மனம் குளிர்ந்தது.

திரும்பும் வழியில் முதல் பிரிவிலேயே பரணி தடுமாறினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பயணிகளின் தண்ணீர்ப் பைகள் காலி. குதிரைகளுக்கோ நாக்கு வறண்டது.

"என் மூக்கு கைவிட்டுவிட்டது. தாமிரா, நீ முன்னே போப்பா" என்றாள்.

தாமிரன் நெஞ்சை நிமிர்த்தி முன்னே வந்தான். எதிரே இரண்டு பாதைகள். இரண்டும் ஒரேமாதிரி இருந்தன. இத்தனை நாளும் பொறாமையோடு அவள் வாலைப் பார்த்தானே தவிர, வழியைப் பார்த்ததே இல்லை.

"எந்தப் பக்கம் அண்ணே?" என்றது கடைசியில் நின்ற மட்டக்குதிரை.

தாமிரன் இரண்டு பாதைகளையும் மாறிமாறிப் பார்த்தான். அப்போது பரணி அவன் காலருகே குனிந்து மோந்தாள்.

"என் லத்தி வாசம் உன் குளம்பில் எப்படி வந்தது?"

அவன் தலை தொங்கியது. "நான்தான் எத்திவிட்டேன் அக்கா."

"அப்படியானால் புதரில் மூக்கை விட்டு நீயே தேடு."

எல்லோரும் பார்க்க, முள்ளில் மூக்கு கிழிய அவன் தேடினான். இடப்பக்கப் பாதையோரப் புதரில் அது அகப்பட்டது. பரணி அந்தப் பாதையில் திரும்பினாள். தாமிரன் வரிசையின் கடைசிக்குப் போனான்.

பிறர் வழியைக் கெடுக்கக் கால் தூக்குபவன், தன் வழியையும் சேர்த்தே தொலைப்பான்.