அசரீரிக்குக் காத்திருந்த யானை

முன்னொரு காலத்தில் தென்மலை நாட்டைக் கனகவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டதைவிட நாடகம் எழுதியதுதான் அதிகம். எழுதினால் எழுதட்டும், ஒவ்வொன்றையும் மந்திரி இளந்திரையர் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும், அதுதான் கொடுமை. முப்பத்தொரு நாடகம் பார்த்து மனிதர் அலுத்துப்போயிருந்தார். எல்லாவற்றிலும் கதாநாயகன் கொலைக்களத்தில் போய் மாட்டிக்கொள்வான். அவனைக் காப்பாற்ற வழி தெரியாமல், எழுதுகிற ராஜா திணறுவான். உடனே வானத்திலிருந்து அசரீரி, "இவன் நிரபராதி, விட்டுவிடுங்கள்" என்று சொல்லும். சுபம்.

முப்பத்திரண்டாவது நாடகத்தில் அசரீரி பேசியதும், மாசிலான் என்ற வெற்றிலை வியாபாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"அசரீரியைப் பழித்தவன் தெய்வத்தையே பழித்தவன்," என்று தூபம் போட்டார் ஆஸ்தானப் புலவர் அம்பலக்கூத்தர். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். ராஜா யோசிக்கவே இல்லை. "யானையை விட்டு மிதிக்கச் சொல்லுங்கள்," என்றான்.

மறுநாள் காலை மாசிலானைக் கட்டி மைதானத்தில் கிடத்தினார்கள். அவன் பெண்டாட்டி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சிரிப்புக்கு ஓர் உயிரா என்று இளந்திரையருக்கு மனம் வெறுத்துப்போயிற்று. "சற்றுப் பொறு அப்பா," என்று பாகனிடம் சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறியது. "ஏன் தாமதம் மந்திரியாரே?" என்றான் மேடையில் உட்கார்ந்திருந்த ராஜா.

"அசரீரிக்காகக் காத்திருக்கிறோம் மகாராஜா. இந்தக் கட்டத்தில்தானே அது எப்போதும் வரும்? இவனைக் கொன்றபிறகு வந்து சேர்ந்தால் தங்கள் நாடகங்களுக்கல்லவா இழுக்கு?"

"வராவிட்டால்?"

"வராவிட்டால் இவன் சிரித்தது நியாயம்தானே மகாராஜா?"

ராஜாவின் முகம் சுண்டியது. அவன் மானத்தைக் காப்பாற்றி நல்ல பேர் வாங்க நினைத்த அம்பலக்கூத்தர், மெல்ல நழுவி யானைக் கொட்டடிச் சுவருக்குப் பின்னால் போனார். சற்று நேரத்தில், "இவன் நிரபராதி, விட்டுவிடுங்கள்," என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது. நடுவே இரண்டு தடவை இருமியது. அது யார் இருமல் என்று யானைக்குக்கூடத் தெரியும்.

ராஜா அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டான். சிரித்தவன் கட்டுண்டு கிடந்த மாசிலானைப் பார்த்ததும் வெட்கிப்போனான். தானே இறங்கிப் போய்க் கட்டை அவிழ்த்தான்.

"புத்தி கெட்டுவிட்டது. மன்னித்துக்கொள் அப்பா," என்றான்.

சுவருக்குப் பின்னாலிருந்து புலவரை இழுத்து வந்தார்கள். "அசரீரியாரே, இனி யானைக்குத் தழை போடும்," என்று அவரைக் கொட்டடிக்கே அனுப்பிவிட்டு, ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

"அசரீரி இல்லாமல் நான் கதையை எப்படித்தான் முடிப்பது, இளந்திரையரே?"

"இப்போது முடித்தீர்களே மகாராஜா, அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போனார்.