கொசுறுக் கூடு

கல்லோடைக் கரையில் ஒரு மலையணில் இருந்தான். பெயர் சடையாண்டி. வாலைப் பார்த்து வைத்த பெயர். அதே கரையில், ஈரப் புதருக்கு அடியில், மூக்காயி என்றொரு மூஞ்சூறு இருந்தாள். அவன் மரத்தின் உச்சியில். அவள் மண்ணுக்குள். இந்த இருவருக்கும் பேச்சு ஏற்பட்டதே பட்டுக்கூட்டால்தான்.

கரை நெடுக மருத மரங்கள். அந்த இலைகளைத் தின்று கொழுக்கும் பச்சைப் புழுக்கள், மழை ஓய்ந்ததும் தம்மைச் சுற்றிப் பட்டு நூலால் கூடு கட்டிக்கொண்டு உள்ளே தூங்கிவிடும். கூடுகள் காம்போடு கிளையில் தொங்கும். சில காடை முட்டை அளவு. சில காட்டுக்கோழி முட்டை அளவு. மரம் இலை உதிர்த்ததும் எல்லாம் பளிச்சென்று கண்ணில் படும். அப்போது காட்டுக்கே கூட்டுப் பைத்தியம் பிடித்துக்கொள்ளும்.

பறிப்பார்கள், சேர்ப்பார்கள், பிறகு வழுக்குப்பாறையில் கூடி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். குரங்குகளுக்குக் கூடு ஒரு கிலுகிலுப்பை. உடும்புக்கு அது பலகாரம். கடித்துத் திறந்து, உள்ளே உறங்கும் கூட்டுப்புழுவை விழுங்கிவிட்டு, பட்டை ஓடையில் எறிந்துவிடுவான்.

சடையாண்டி மட்டும் ஆடவும் இல்லை, தின்னவும் இல்லை. அவன் காத்திருந்தான்.

காரணம் உண்டு. போன ஆடியில், பொழுது சாயும் நேரம், மழை விட்டபின், ஒரு இலையில் அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்திருந்தான். சிறகு நான்கு. சிறகுக்கொரு கண். கண்ணின் நடுவே கண்ணாடி போல ஒரு வட்டம், அதன் வழியே பின்னாலிருந்த இலை தெரிந்தது. மறுநாள் பூச்சியைக் காணோம். எங்கே போனது, என்ன தின்னும் என்று காடெல்லாம் விசாரித்தான். யாருக்கும் தெரியவில்லை. கூட்டிலிருந்துதான் வரும் என்பது மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை. பொந்து நிறைய அந்தக் கண்கள் வேண்டும். இந்தக் கரையில் அவை அற்றுப் போகவே கூடாது.

ஆசை நல்ல ஆசைதான். கணக்குத்தான் பிசகியது. பெரிய கூட்டில் பெரிய பூச்சி இருக்கும், பெரிய பூச்சிதான் சிறந்த பூச்சி என்று அவன் முடிவு கட்டிவிட்டான். பாறையில் ஒவ்வொரு கூடாக உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பான். கனமாக இருந்தால் தாடைக்கடியில் செருகிக்கொள்வான். லேசாக இருந்தால் தள்ளிவிடுவான். பெரிய கூடு ஒன்று கொடுத்தால் சின்னது இரண்டு தருவதாகச் சொன்னான். எல்லோருக்கும் கொண்டாட்டம். ஒன்றுக்கு இரண்டு என்றால் யாருக்குக் கசக்கும்? மாசி முடிவதற்குள் கரையிலிருந்த பெரிய கூடுகள் எல்லாம் சடையாண்டியின் பொந்தில். சின்னக் கூடுகள் எல்லாம் மற்றவர்கள் கையில். அதாவது, போகப் போக, உடும்பின் வயிற்றில்.

ஒரு நாள் மூக்காயியும் பாறைக்கு வந்தாள். சருகுக்கடியில் விழுந்து கிடந்த பெரிய கூடு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கண் மட்டம். மூக்கும் மீசையும்தான் கண்.

சடையாண்டி இரண்டு சின்னக் கூடுகளை எடுத்து வைத்தான். அவள் நகரவில்லை. இவ்வளவு தூரம் உருட்டி வந்ததற்குக் கொசுறு இல்லையா என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டான். இருப்பதிலேயே சின்னதை, சுண்டைக்காய்க்கு அண்ணன் போல இருந்த ஒன்றை, அவள் பக்கம் உருட்டிவிட்டான்.

"எடுத்துக்கோ தாயி. இதையெல்லாம் நான் எடை பார்க்கிறதே இல்லை."

மூக்காயி இரண்டை வழியிலேயே தின்றாள். கொசுறை வளைக்குக் கொண்டுபோய் வாயில் வைத்தாள். பல் பட்டதுமே உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள்.

வாயை எடுத்துவிட்டாள். காதை வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. மீசையால் தட்டினாள். மறுபடி ஒரு புரளல். தூக்கம் கலைந்தவன் போர்வையை இழுத்துக்கொள்வது போல.

"யாரது?" என்றாள்.

பதில் இல்லை. சரி, நாளைக்குத் தின்றுகொள்ளலாம் என்று ஓரமாக வைத்தாள். மறுநாளும் அது புரண்டது. மறுநாளும் அவள் நாளைக்கு என்றாள். இப்படியே பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. பசித்த நாட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பசி ஒரு பூரானோடு அடங்கிவிடும். உள்ளே யார் என்கிற கேள்வி எதைத் தின்றாலும் அடங்கவில்லை.

உடும்பு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சீண்டுவான். "என்ன மூக்காயி, சாப்பாட்டுக்குப் பேரு வெச்சாச்சா? காது குத்து எப்போ?"

"நீ வராத நாளாப் பார்த்து வைக்கிறேன் மாமா," என்பாள் அவள்.

சடையாண்டிக்கு வேறு கவலை. அவன் பொந்துக்கு எதிரே, காய்ந்த கிளையில், கரிச்சான் குருவி ஒன்று குடிவந்திருந்தது. பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிப்பதில் அதற்கு நிகரில்லை. அது ஒன்றும் பேசாது. பொந்தைப் பார்க்கும், சடையாண்டியைப் பார்க்கும், அலகைக் கிளையில் தீட்டும். ஆகவே அவன் மரப்பட்டையும் நாரும் திணித்துப் பொந்தின் வாயை அடைத்தான். மேலே தன் வாலையும் சுருட்டி வைத்து, அதன் மேல் சாய்ந்து படுத்தான். காற்றுகூட நுழைய முடியாது. கரிச்சான் எப்படி நுழையும்?

ஆனியில் மழை வந்தது. கூடுகள் விழித்தன.

மாலைக்கு ஒன்று இரண்டாக அந்துப்பூச்சிகள் வெளியே வந்தன. கூட்டின் நுனி முதலில் ஈரமாகும். பிறகு நூல் விலகும். நனைந்த கந்தல் போல ஒன்று தவழ்ந்து வந்து தொங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கந்தல் விரிந்து சிறகாகும். நான்கு சிறகு, நான்கு கண். இந்த ஒன்றுக்காகத்தானே இத்தனை மாதம்! சடையாண்டி மறுநாளே ஊரைக் கூட்டினான். வரிசையில் வரச் சொல்லி, அடைப்பை நகக்கண் அளவு விலக்கி, ஆளுக்கு ஒரு மூச்சு நேரம் காட்டினான். உடும்பே இரண்டு தடவை வரிசையில் நின்றான். தின்னத் தோன்றவில்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டான்.

ஆனால் பூச்சிகள் பறக்கவில்லை. அத்திப்பழம் வைத்தான். தேன் வைத்தான். மழைத்தண்ணீர் வைத்தான். எதையும் தொடவில்லை. குனிந்து பார்த்தால், அவற்றுக்கு வாயே இல்லை. தின்பதையெல்லாம் புழுவாக இருந்தபோதே தின்று முடித்துவிட்டு வந்திருந்தன. இனி உள்ளே இருக்கும் எண்ணெய் தீரும்வரைதான் விளக்கு.

பருத்த வயிற்றின் நுனியைத் தூக்கிக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தன. எதற்கோ காத்திருப்பது போல. காத்திருப்பது என்றால் என்னவென்று சடையாண்டிக்குத் தெரியும். அவற்றின் காத்திருப்பு அவனுக்கு விளங்கவில்லை.

முதலில் வந்தவள் நான்காம் நாள் முட்டையிட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருடம் கரை முழுக்கக் கூடு என்று கிளைக்குக் கிளை தாவிச் சொல்லிவிட்டு வந்தான். வந்து பார்த்தால் முட்டைகள் நடுவில் குழி விழுந்து, நசுங்கிய மிளகு போலக் கிடந்தன. அடுத்தவள் முட்டையும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே. இட்டவர்கள் ஒவ்வொருவராகச் சிறகு கிழிந்து கீழே விழுந்தார்கள். கடைசியாகப் பிறந்த இரண்டு பேர் மட்டும் மிச்சம்.

அந்த இருவரும் போனால் கல்லோடையில் அந்தக் கண்கள் இனி இல்லை. கரையில் வேறு கூடு இல்லை. எல்லாவற்றையும் வளைத்தவன் அவன்தானே.

அன்று பிற்பகல் மூக்காயி மரத்தடிக்கு வந்து கூப்பிட்டாள். உடும்பும் வேடிக்கை பார்க்க வந்து வேரில் படுத்திருந்தான்.

"அண்ணே, என் ஆளு முந்தாநாள் வெளியே வந்துட்டான். ஒரு சந்தேகம். உன் ஆட்களுக்கு மீசை எப்படி?"

இருக்கிற துக்கத்தில் மீசையைப் பற்றிக் கேட்கிறாளே என்று அவனுக்கு எரிச்சல். ஆனாலும் இறங்கிவந்து, செத்துக் கிடந்தவள் ஒருத்தியை அவள் முன் வைத்தான். அவள் மீசையால் தலை முதல் அடி வரை தடவினாள்.

தன் பூச்சிக்கு மீசை மயிலிறகு போல அகலம், இவளுக்கு வெறும் நூல் என்றாள். தன்னுடையதற்கு வயிறு ஒட்டியிருக்கிறது, இவளுக்குப் பானை என்றாள். இன்னொன்றும் சொன்னாள். பொழுது சாய்ந்தால் அவன் இருப்புக்கொள்ளாமல் சிறகடிக்கிறான், மோந்து பார்ப்பவன் போல மீசையை விரிக்கிறான், கொஞ்ச தூரம் பறக்கிறான், வழி தெரியாமல் திரும்பி வந்துவிடுகிறான். எதைத் தேடுகிறான்?

பிறகு திரும்பி உடும்பைக் கேட்டாள். "மாமா, பெருசும் நீ தின்னிருக்கே, சிறுசும் தின்னிருக்கே. ருசி ஒண்ணுதானா?"

தன் ஞானத்தை ஒருவர் மதித்துக் கேட்டதில் உடும்புக்குப் பெருமை. ஒன்றே இல்லை என்றான். மழைக்கு முன்னால் பெரியதைத் திறந்தால் உள்ளே பொடிப்பொடியாக முட்டை, கொழுப்பு, நெஞ்சிலேயே நிற்கும். சிறியது சப்பென்று இருக்கும், ஆனால் எத்தனை வேண்டுமானாலும் இறங்கும் என்றான்.

மூக்காயி செத்தவளின் பானை வயிற்றை மறுபடி மீசையால் தடவினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, நீ பொம்பளைங்களை மட்டும் பொறுக்கிப் பொந்துல வெச்சிருக்கே."

"அப்ப ஆம்பளைங்க?" என்றான் சடையாண்டி.

சடையாண்டியின் பார்வையும் மூக்காயியின் மூக்கும் உடும்பின் வயிற்றில் வந்து நின்றன.

"என்னை ஏன் பார்க்கிறீங்க?" என்றான் உடும்பு. "அவன் தள்ளினான். நான் தின்னேன். கையில எடுத்து வேண்டாம்னு சொன்னது யாரு?"

சடையாண்டி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். எத்தனை கூடுகளை உள்ளங்கையில் வைத்து, லேசு என்று தள்ளியிருப்பான்! அவற்றின் லேசு அவன் கையில் இப்போதுதான் கனத்தது.

மிச்சம் ஒருவன் இருக்கிறானே என்றாள் மூக்காயி. அவன் தேடுவது இவர்களைத்தான். இவர்கள் வயிற்று நுனியைத் தூக்குவது அவனுக்கு வாசம் அனுப்பத்தான். இவள் செத்த பிறகும் அந்த வாசம் லேசாக இருக்கிறது, என் மூக்குக்குத் தெரிகிறது. நீ பொந்தின் வாயை அடைத்து வைத்தால் அவனுக்கு எப்படித் தெரியும்?

"பொந்தைத் திற அண்ணே."

சடையாண்டி எதிர்க் கிளையைப் பார்த்தான். கரிச்சான் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அது வாயைத் திறந்தது.

"திற, திற. நானும் எவ்வளவு நாளாப் பார்த்துட்டிருக்கேன்."

திறந்தால் கரிச்சான் கொண்டுபோகலாம். திறக்காவிட்டால் நாளைக்கோ மறுநாளோ அவர்களே விழுந்துவிடுவார்கள். அடைத்து வைத்தால் தன்னுடையவை. ஆனால் எதுவரைக்கும் தன்னுடையவை?

பொழுது சாயத் தொடங்கியபோது அவன் நாரைப் பிடுங்கினான். பட்டையைப் பெயர்த்தான். வாலை எடுத்தான். ஈரக் காற்று உள்ளே புகுந்து வெளியே வந்தது. இருவரும் தவழ்ந்து வாசலுக்கு வந்து, சிறகை விரித்து, வயிற்று நுனியைத் தூக்கினார்கள்.

கரிச்சான் பாய்ந்தது. சடையாண்டி குறுக்கே வாலை வீசினான். ஒரு கற்றை மயிரோடு அது திரும்பிப் போயிற்று. மறுபடி பாய்ந்தது. இந்தத் தடவை ஒருத்தியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. நான்கு சிறகுகள் மட்டும் சுழன்று சுழன்று ஓடையில் விழுந்தன. மூன்றாவது தடவை பாய்வதற்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. கரிச்சான் இருட்டில் வேலை செய்யாது. முணுமுணுத்துக்கொண்டே அடையப் போயிற்று.

ஒருத்தி மிச்சம். சடையாண்டி அவள் பக்கத்தில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தான். தூறல் போட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

அப்போது ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஏதோ வந்தது. நேராக வரவில்லை. இந்தக் கரைக்குப் போய், அந்தக் கரைக்குப் போய், காற்றில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படிப்பது போல வந்தது. சின்னப் பூச்சி. மயிலிறகு மீசை. வாசலைத் தொட்டது, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"என்ன நடக்குது?" என்று கீழேயிருந்து மூக்காயி கேட்டாள். அவளுக்குத்தான் தெரியாதே.

"வந்துட்டான் தாயி."

"எப்படி இருக்கான்?"

சடையாண்டி பார்த்தான். தான் எடை பார்க்காமல் உருட்டிவிட்ட கூடு. அதன் சிறகிலும் நான்கு கண். அவற்றின் வழியே பின்னாலிருந்த மரப்பட்டை தெரிந்தது.

"ஒரு குறையும் இல்லை," என்றான்.

அவள் இட்ட முட்டைகள் குழி விழவில்லை. ஆடியில் புழுக்கள் வந்தன. அவற்றைக் கையால் தொடக்கூட இல்லை சடையாண்டி. மருத இலை கூப்பிட்டுக்கொண்டது. மழை ஓய்ந்ததும் கிளைகளில் கூடுகள் தொங்கின. காடை முட்டை அளவில் சில, காட்டுக்கோழி முட்டை அளவில் சில. இந்த வருடம் யாரும் பறிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். குரங்குகள் முனகின. தான் பட்டினி கிடந்து சாகவேண்டியதுதான் என்றான் உடும்பு. சாகவில்லை. நத்தை தின்றான்.

மூக்காயியின் ஆள் பொந்துக்கு வந்த அந்த வாரமே போய்விட்டான். வாயில்லாத உயிருக்கு அவ்வளவுதான் ஆயுசு. அவன் விட்டுப்போன வெறுங்கூட்டை அவள் இன்னும் வளையில் வைத்திருக்கிறாள். நுனியில் ஒரு ஓட்டை. எப்போதாவது மீசையால் தட்டிப் பார்ப்பாள். உள்ளே யாரும் புரள்வதில்லை. ஆனால் மரத்தில் இப்போது எத்தனையோ பேர் புரண்டுகொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பெரியதை மட்டும் பொறுக்கிப் பூட்டி வைப்பவன், கொசுறென்று தான் தள்ளிவிட்ட ஒன்றுக்காகவே ஒரு நாள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டிவரும்.