மரங்கொத்தி விட்டுவிட்ட பொடிச் சொல்

பறவைகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் சாலை போட வெள்ளைக்காரத் துரைமார் வந்தார்கள். மரங்கொத்திக்கு இங்கிலீஷ் பித்துப் பிடித்தது அப்போதுதான். கடலை மடித்த காகிதம், தீப்பெட்டி, பிஸ்கட் டப்பா என்று எது கிடந்தாலும் குனிந்து படிக்கும். தெரியாத சொல் ஒன்று கண்ணில் பட்டால் போச்சு, அன்றைக்குச் சோறு தண்ணி வேண்டாம். சாலை வேலைக் கங்காணிகள் துரைமாரோடு பேசுவதை ஒட்டுக்கேட்டு எப்படியோ பொருளைப் பிடித்துவிடும். பிறகு, தான் குடியிருந்த மருத மரத்துப் பட்டையில் அந்தச் சொல்லை மெல்லக் கீறி வைக்கும். நீளச் சொற்கள்தான் அதற்கு உசத்தி. இரண்டெழுத்துப் பொடிச் சொற்களைச் சீண்டவே சீண்டாது.

ஒரு திங்கட்கிழமை, அந்த மருத மரத்திலேயே ஒரு காகிதத்தை ஆணியடித்துவிட்டுப் போனார்கள். மரப்பொந்தில் மூன்று குஞ்சுகளோடு இருந்த கிளி பதறிப்போனது.

"அண்ணே, என்ன எழுதியிருக்கு? பிள்ளைங்களுக்கு இப்பத்தான் றெக்கை முளைச்சிருக்கு. ஆபத்துன்னா சொல்லுங்க, நாலு நாள்ல பறக்கப் பழக்கிடுவேன்."

மரங்கொத்தி கழுத்தை நிமிர்த்திப் படித்தது. "ஃபெல் பை ஃப்ரைடே. ஃபெல்னா விழுந்தது. அது நான் எப்பவோ சேர்த்த சொல். ஃப்ரைடேன்னா வெள்ளிக்கிழமை. எதுவோ போன வெள்ளிக்கிழமை விழுந்துச்சாம். முடிஞ்சுபோன சங்கதி, தங்கச்சி."

கிளையில் இருந்த அணில் விடவில்லை. "நடுவுல பைன்னு ஒண்ணு இருக்கே. சாமான் போடுற பையா?"

மரங்கொத்திக்குச் சுருக்கென்றது. அதன் பொருள் அதற்குத் தெரியாது. ஆனால் அணிலின் முன்னால், போயும் போயும் ஒரு பொடிச் சொல்லுக்கா தெரியாது என்று சொல்வது?

"அது கிடக்குது. நீ நிம்மதியா இரு, தங்கச்சி" என்றது. கிளியும் நம்பி இருந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கிளி இரை தேடப் போயிருந்தது. கோடரியோடு இரண்டு பேர் வந்தார்கள்.

"பேச்சிமுத்து அண்ணாச்சி, இந்த மரமா?"

"ஆமாடே. வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிச் சாய்க்கணும்னு துரை எழுதி மாட்டியிருக்காரே."

ஐயோ, ஃபெல்லுக்கு வெட்டிச் சாய் என்றும் ஒரு பொருளா! அந்தப் பொடிச் சொல் பைக்கு அதற்குள் என்று பொருளா! மரங்கொத்தி பொந்துக்குப் பறந்துபோய்த் தொண்டை கிழியக் கத்தியது. கோடரிச் சத்தத்தில் அது குஞ்சுகளின் காதில் ஏறவில்லை. வேறு வழி தெரியாமல் அலகால் மரத்தை மடமடவென்று தட்டியது. அந்த அதிர்வில் ஒரு குஞ்சு வெளியே வந்து, தத்தித் தடுமாறிப் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டது. மற்ற இரண்டும் வருவதற்குள் மரம் சாய்ந்துவிட்டது.

கிளி திரும்பி வந்தது. விழுந்து கிடந்த மரத்தை மூன்று முறை சுற்றிப் பறந்தது. பிறகு மரங்கொத்தியின் எதிரே வந்து உட்கார்ந்தது. திட்டவில்லை.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே" என்றது.

அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் மரங்கொத்தி ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சொல் என்று எதையும் கீறவுமில்லை.

அன்று முதல்தான், மரங்கொத்தி எந்த மரத்தில் வந்து உட்கார்ந்தாலும், உள்ளே யாராவது இருந்தால் வெளியே வந்துவிடட்டும் என்று, அலகு நோக நோகத் தட்டிக்கொண்டே இருக்கிறது.