வெற்றிலையின் முதுகு

நத்தைக்கு முதுகில் வீடு ஏறாத அந்தக் காலத்தில், கணவாய்க்கு இந்தப் பக்கம் ஓடைப்பட்டி என்று வெற்றிலைக்காரர்களின் ஊர் ஒன்று இருந்தது. அப்போது மனிதர் பேசுவது பூச்சிக்கும் பறவைக்கும் புரியும், அவை பேசுவது மனிதருக்கும் புரியும். அதனால் புறம்பேசுகிறவர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். ஊரைச் சுற்றிலும் கொடிக்கால்கள். வரிசையாக அகத்தி மரங்கள், அவற்றைப் பற்றி ஏறும் வெற்றிலைக் கொடிகள், நடுவில் ஈரம் காயாத வாய்க்கால்.

அந்த ஊரில் மூக்காயியின் வார்த்தைக்குத் தனி மதிப்பு. வரப்புச் சண்டையோ தண்ணீர்ச் சண்டையோ, அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அவளுடைய கொடிக்காலின் கடைசி அகத்தியடியில் நத்தை குடியிருந்தது. சுண்ணாம்பில் கட்டிய சின்ன வீடு. காலையில் வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வெறும் உடம்போடு வெளியே வரும், உதிர்ந்து அழுகிய இலையைத் தின்னும், வெயில் ஏறினால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். பச்சை இலையில் வாய் வைத்ததே இல்லை. மூக்காயி வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது அது பக்கத்தில் வந்து கதை பேசும். அவள் அதை அண்ணே என்பாள், அது அவளைத் தங்கச்சி என்னும்.

ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியூர்க் கொடி எதுவானாலும் எல்லை ஓடைக்கு அந்தக் கரையில் பதினைந்து நாள் கிடக்க வேண்டும். தையல்சிட்டு வந்து இலை இலையாகப் புரட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஓடையைத் தாண்டலாம். இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற பறவைக்கு இலையில் தெரியாதது ஒன்றுமில்லை. இந்தக் கட்டுப்பாட்டை முதன்முதலில் ஊருக்கு எடுத்துச் சொன்னவளே மூக்காயிதான்.

ஒரு சித்திரையில் அவள் கணவாய் தாண்டிக் கடலோரத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே கப்பலில் வந்து இறங்கிய புதுக் கொடி ஒன்று முற்றத்தில் படர்ந்திருந்தது. விரித்த கையை மூடும் அகலத்துக்கு இலை. மூக்காயிக்கு ஆசை தாங்கவில்லை. ஏழு துண்டு கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். நான்கு நாள் நடை, நல்ல வெயில். ஓடைக்கரைக்கு வந்து துணியைப் பிரித்தால் கொடி துவண்டு கிடந்தது. இன்னும் பதினைந்து நாள் இங்கே கிடந்தால் விறகாகிவிடும். சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கேயே கொஞ்சம் புல் அறுத்து, கட்டுக்குள் கொடியைச் செருகி, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டாள். ஊருக்குத்தான் கட்டுப்பாடு, எனக்கில்லை என்று அவள் வாய் சொல்லவில்லை. அவள் கால் சொன்னது.

தன் கொடிக்காலின் நடுவே, யார் கண்ணிலும் படாதபடி அவள் நட்ட கொடி பிழைத்துக்கொண்டது. ஆடி பிறந்தபோது, ஒரு நாள் இலை கிள்ளுகையில் பின்பக்கம் ஏதோ மினுங்கியது. மிளகு அளவில், செம்பு நிறத்தில் ஒரு வண்டு. இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத வண்டு. அதுவே பேச்சைத் தொடங்கியது.

"ஆத்தா, நீதானே என்னைத் தூக்கிட்டு வந்தே. புல்லுக்கட்டுல குலுங்கிக்கிட்டே வந்தோம். ஊரு நல்லாருக்கு, இலையும் நல்லாருக்கு."

மூக்காயிக்கு முகம் எரிந்தது. அப்போதே தையல்சிட்டைக் கூப்பிட்டிருக்கலாம். ஏழு கொடியையும் பிடுங்கித் தீயில் போட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மூக்காயியே இப்படிச் செய்தாளா என்று நாலு பேர் கேட்பார்களே. வெளியில் வாயைத் திறக்காதே என்று வண்டிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். ஆவணியில் அது நூறானது. அடுத்த கொடிக்காலில் ஓட்டை, அதற்கடுத்ததில் ஓட்டை. ஓட்டை விழுந்த வெற்றிலையைத் தாம்பூலத்தில் வைக்க முடியாது, சாமிக்கும் ஆகாது. ஊரே கலங்கிப்போனது.

ஓடை மணலில் கூட்டம் கூடியது. நாட்டாண்மை தும்பையன் முதலில் தையல்சிட்டைக் கேட்டார். அது ஒரு இலையை நாலு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"புழுன்னா ஓரத்துலேருந்து அரிக்கும். நத்தை ஏறினா கோழை காஞ்சு பளபளங்கும். இது நடு இலையில வட்டமா கடிச்சிருக்கு. நமக்குத் தெரிஞ்ச வாயில்ல இது, வெளியூரு வாயி."

வெளியூர்க் கொடி யார் கொண்டுவந்தது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். யாருமில்லை. கடைசியில் தும்பையன், முதல் ஓட்டை உன் கொடிக்காலில்தானே விழுந்தது, நீயே சொல்லு மூக்காயி என்றார். அந்த ஊரில் சாட்சி சொல்கிறவர் தன் கொடியில் ஓர் இலையைக் கிள்ளிவந்து, அதை உயரப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். மூக்காயி போய் ஒரு இலையைக் கிள்ளி வந்தாள். கையை உயர்த்திய பிறகுதான் தெரிந்தது, இலைக்கு அடியில் விரல் நுனியில் என்னவோ ஊர்கிறது. வண்டு. கூட்டம் முழுக்க இலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பினால் தீர்ந்தது. அவள் திருப்பவில்லை. விரலை அதன்மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். வண்டு காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது.

"நத்தைதான். நான் பார்த்தேன்" என்றாள்.

தையல்சிட்டு வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டது. மூக்காயியின் சாட்சிக்கு மேல் யார் என்ன பேசுவது? நத்தை மணலில், அவள் காலடியில்தான் இருந்தது. அண்ணாந்து ஒருமுறை பார்த்தது. அப்புறம் கொம்பிரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓடைக்கும் கரைப்புல்லுக்கும் அப்பாலுள்ள சரளைக்காட்டுக்கு நத்தையைத் தள்ளிவைத்தார்கள். அங்கே ஒதுங்க ஒரு புல் கிடையாது. அதனால் நத்தை தன் வீட்டைப் பெயர்த்து முதன்முதலாக முதுகில் ஏற்றிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் ஒரு நொடியில் கண்ணைவிட்டு மறைந்திருப்பார்கள். நத்தை போய்ச்சேர ஒரு பகல் முழுக்க ஆனது. அவ்வளவு நேரமும் மூக்காயி தன் கொடிக்காலில் நின்று அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அன்றைக்குக் கஞ்சி இறங்கவில்லை.

வண்டு சும்மா இருக்குமா? தன் சாதிசனத்தையெல்லாம் கூட்டி, விரல் பக்கத்தில் வந்தால் காலை மடக்கிச் செத்த மாதிரி கிடந்துவிடுங்கள், நமக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொடுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெற்றிலைக் கட்டுக்குள் செத்ததுபோல் கிடந்தே எட்டு ஊருக்குப் போனது. ஐப்பசியில் வடக்கூரில் ஒரு நிச்சயதார்த்தம். தட்டில் வைத்த இலை மொத்தமும் ஓட்டை. மாப்பிள்ளை வீட்டார் அவமதிப்பு என்று எழுந்து போய்விட்டார்கள். அந்தக் கட்டு மூக்காயியின் கொடிக்காலில் இருந்து போனது.

சேதி வந்த மறுநிமிஷம் அவள் ஓடையைத் தாண்டிச் சரளைக்காட்டுக்குப் போனாள். நத்தை ஒரு கல்லோரம், வெயிலில் வாடி ஒட்டிக் கிடந்தது. அவள் ஓடைக்கு ஓடிக் கையில் தண்ணீர் அள்ளிவந்து தெளித்தாள். மெல்லத் தலையை நீட்டியது.

"அண்ணே, அந்த வண்டைக் கொண்டாந்தது நான்தான்."

"தெரியும் தங்கச்சி. எல்லாருக்கும் இலையோட முகம் தெரிஞ்சுது. நான் தரையில கிடக்கிறவன், எனக்கு அதோட முதுகு தெரிஞ்சுது. உன் விரலும் தெரிஞ்சுது."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மூக்காயி அந்தச் சுடுகல்லில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் என்றால் முகத்தில் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இது கால் நகம்வரை இறங்கியது.

அன்று மாலையே அவளாகக் கூட்டத்தைக் கூட்டினாள். ஓர் இலையைக் கிள்ளிவந்து உயரப் பிடித்தாள். பிறகு திருப்பினாள். வண்டு காலை மடக்கிக்கொண்டு மணலில் உருண்டு விழுந்தது. இதைப் புல்லுக்கட்டில் வைத்துக் கொண்டுவந்தவள் நான், நத்தைமேல் போட்டது பொய் என்றாள். தும்பையன் குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்சிட்டு மட்டும் மெதுவாகச் சொன்னது, எட்டு ஊருக்குப் போனதைத் திரும்ப அழைக்க முடியாது, இனி இலைக்கு இலை பார்த்துத் துடைக்க வேண்டியதுதான் என்று. மூக்காயி அந்த இடத்திலேயே உட்கார்ந்து, கையிலிருந்த இலையின் முதுகை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள். சாகும்வரை துடைத்தாள். ஊர் நியாயத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை.

நத்தையை ஊரே போய் அழைத்துவந்தது. வந்தது, பழைய அகத்தியடிக்கே வந்தது. வீட்டை இறக்கி வை அண்ணே என்று மூக்காயி கெஞ்சினாள். அது கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. முதுகிலேயே இருக்கட்டும் தங்கச்சி, எப்போது தேவைப்படுமோ என்றது.

நத்தை வீட்டைச் சுமந்து திரிவதும், இலைவண்டு விரலைக் கண்டதும் காலை மடக்கி விழுவதும், வெற்றிலையைக் கையில் எடுத்தவர்கள் அதன் முதுகைத் துடைத்துவிட்டு வாயில் போடுவதும் அன்றிலிருந்துதான். எதற்குத் துடைக்கிறீர்கள் என்று கேட்டால் தூசி என்பார்கள். மூக்காயி ஒருநாளும் தூசி என்று சொன்னதில்லை.