துக்கம் கேட்கப் போனவர்

ஆற்றங்கரை மடத்துக் குருவுக்கு அப்போது நாற்பது வயதுகூட நிறையவில்லை. சீடர்களில் மூத்தவரான அபயாம்பாளுக்கு அறுபத்து மூன்று. அவர் இவரைச் சுவாமி என்பார். இவர் அவரை அம்மா என்பார். பதினோரு வருடமாக இப்படித்தான்.

அன்று துக்கம் கேட்கப் போன ஊரிலிருந்து அபயாம்பாள் திரும்பியபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றில் முழுகிவிட்டு ஈரத்தலையோடு படியேறி வந்தார். குரு கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலே அபயாம்பாள் எதிரே உட்கார்ந்து ஒரு கைப்பிடி புளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து, ஒரு சந்தேகம் என்றார்.

"கேளுங்கள் அம்மா."

"பதினோரு வருடமாக உங்கள் காலடியில் இருக்கிறேன். எனக்கு வராத நம்பிக்கை பூங்காவனத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?"

பூங்காவனம் யார் என்று குருவுக்குத் தெரியும். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரே பாயில் உட்கார்ந்த நாளிலிருந்து அபயாம்பாளுக்கு இருந்த சிநேகிதி. உலகத்தில் இவரை 'அபயம்' என்று கூப்பிட இன்னும் மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்தான். அவளுடைய ஒரே மகன் சிற்றரசு லாரியில் அடிபட்டுப் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. புருஷன் எப்போதோ போய்விட்டார். வீட்டில் இனி அவள் மட்டும்தான்.

அபயாம்பாள் பார்த்ததையெல்லாம் சொன்னார். அழுதுகொண்டு வந்தவர்கள் தெளிந்து திரும்பினார்களாம். சிற்றரசோடு வேலை பார்த்த ஒருவர் உள்ளே வரத் தெம்பில்லாமல் வாசலிலேயே நின்றுவிட, பூங்காவனம் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாளாம். அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்த சோற்றை அவருக்குப் போட்டு, பக்கத்திலேயே நின்று சாப்பிட வைத்தாளாம். எதிர்வீட்டுக் கனகா போன வருடம் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாளாம்.

"'முப்பத்தொரு வருஷம் அவனை என்கிட்ட விட்டு வச்சிருந்தாளே மாரியாத்தா. குடுத்தப்போ எதுக்குன்னு கேக்கலை. இப்ப மட்டும் கேப்பேனா?' என்று அவளிடம் சொன்னாள் சுவாமி. குரல்கூட நடுங்கவில்லை."

"கனகாவிடம் அதைச் சொன்னார். உங்களிடம்?"

"என்னிடம் என்ன சொன்னாள்... என்னைப் பார்த்ததும் சிரித்தாள். 'வாடி சாமியாரம்மா. மடத்துக்குப் போய் ஒழுங்கா அழக்கூட மறந்துட்டியா? உனக்கு ரத்தக் கொதிப்பு, வெயில்ல நிக்காதே, உள்ளே வா' என்றாள்."

சொல்லும்போது அபயாம்பாளின் உதடு லேசாக மலர்ந்து, உடனே அடங்கியது.

"நீங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது?"

"தனியாக எங்கே விட்டார்கள்? ஒருவர் போனால் ஒருவர் வருகிறார். அவளைப் பார்த்தாலே தைரியம் வருகிறது என்று பக்கத்து ஊர்களிலிருந்துகூட வருகிறார்கள்."

"அவருக்கு யார் சோறு போட்டார்கள்?"

அபயாம்பாளின் விரல்கள் நின்றன. வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் போட்டாள் என்றார். அவள் உட்கார்ந்து சாப்பிட்டதைத் தான் பார்க்கவில்லை என்றார்.

"அழுதாரா?"

"ஒரு சொட்டு இல்லை. அதைத்தானே சுவாமி கேட்கிறேன்."

"அவரிடம் யாராவது ஏதாவது சொன்னார்களா?"

"அவளிடம் சொல்ல எங்களிடம் என்ன இருக்கிறது?"

கொட்டைகள் ஒவ்வொன்றாக முறத்தில் விழுந்தன.

அபயாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு மந்திரம் கொடுங்கள், ஒரு விரதம் சொல்லுங்கள், எது சொன்னாலும் செய்கிறேன் என்றார். "எனக்கு இனிமேல் வருவதற்கு ஒரே துக்கம்தான் பாக்கி சுவாமி. அவள் எனக்கு முன்னால் போவது. அது வந்தால் அவளைப் போல நிற்க எனக்குத் தெரியாது."

குரு கையைத் துடைத்துக்கொண்டார்.

"கிளம்பும்போது என்ன பேசிக்கொண்டீர்கள்?"

"கிளம்பும்போது பேச்சு ஏது? சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாதே. அவள் யாருக்கோ தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். முதுகு என் பக்கம் இருந்தது. மூன்றரை மணி வண்டியைப் பிடிக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்."

"மற்றவர்கள்?"

"எல்லாரும் அப்படித்தான். வழக்கம் அதுதானே."

"ஆமாம். வழக்கம் அதுதான்."

அபயாம்பாள் கையில் இருந்த புளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செம்போடு திரும்பியிருப்பாள். அபயம் என்று ஒரு தடவை கூப்பிட்டும் இருப்பாள்.

"ரவிக்கையைத் திருப்பிப் போட்டிருந்தாள் சுவாமி" என்றார், வெகு மெதுவாக. "தையல் வெளியே தெரிந்தது. பின்னால் நின்றதால் பார்த்தேன். முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியாது. புடவை மூடியிருந்தது."

"அவரிடம் சொன்னீர்களா?"

"இல்லை."

"போய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை."

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லை" என்றார் குரு. "இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் அம்மா?"